கப்டன் விலகிய பிறகு எங்கள் அணி: அனுபவப்பட்டவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்

குளக்கட்டு:

வணக்கம். வவுனிக்குளத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சின்ன விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர். மென்பந்து அணியின் விக்கெட் காப்பாளரும் நான்தான். பதினொரு வருசமாக எங்களுக்கு ஒரே கப்டன். போன மாதம் அவர் விலகிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று மட்ச் விளையாடினோம், மூன்றும் தோல்வி. தோல்வி எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் இப்போது மட்ச் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் போகிறோம். முன்னர் இருட்டும் வரை மரத்தடியில் இருந்து கதைத்துவிட்டுத்தான் எழும்புவோம்.

நடந்ததைச் சொல்கிறேன். 10 ஓவர் விலகல் முறைப் போட்டி (தோற்றால் வெளியே), அரையிறுதி. கடைசி ஓவரில் எதிரணிக்கு 14 ஓட்டம் வேண்டும். எங்கள் மூத்த பந்துவீச்சாளர் ஒருவருக்கு இன்னும் ஒரு ஓவர் மிச்சம் இருந்தது. கப்டன் அண்ணை அவரைக் கூப்பிடாமல், உயர்தரம் எழுதிவிட்டு நிற்கிற ஒரு தம்பியிடம் பந்தைக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. அன்று சோளகக் காற்று நல்ல அடி. தம்பி காற்றை முதுகில் வைத்து வேகமாகப் போட்டால், நேராகத் தூக்கி அடிக்கிறவன் காற்றுக்கு எதிராகத்தான் அடிக்க வேண்டும். மென்பந்து அந்தக் காற்றில் எல்லைக்குப் போகாது. அதுதான் அண்ணையின் கணக்கு.

முதல் மூன்று பந்திலும் இரண்டே ஓட்டம். நாலாவது பந்து மட்டையின் மேல் விளிம்பில் பட்டு எனக்கு மேலால் எழும்பியது. என் பிடி என்றுதான் பின்னால் ஓடினேன். காற்று அதை இழுத்துக்கொண்டே போனது. நான் நின்று அண்ணாந்து பார்க்க, எல்லைக்கு வெளியே விழுந்தது. ஐந்தாவது பந்து நிலத்தில் குத்தாமல் உயரமாக வந்த புல்டோஸ். அதையும் அதே பக்கம் சுழற்றிவிட்டான். மட்ச் முடிந்தது.

ஞாயிறு பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம். வயது போனால் விலத்தி இடம் விட வேண்டும் என்றார் ஒருவர். அதை அண்ணை பொறுத்துக்கொண்டார். பின்னால் இருந்து இன்னொருவர், காசு வாங்கியிருப்பாரோ என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அண்ணை எழும்பி, கிட் பாக் திறப்பையும் நீல மட்டை போட்ட சி.ஆர். கொப்பியையும் மேசையில் வைத்துவிட்டு, "நான் விளையாட வருவேன், தலைவராக வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் மறிக்கவில்லை. நானும் மறிக்கவில்லை, அது இன்றைக்கும் மனதில் குத்துகிறது.

அந்தக் கொப்பியை வீட்டில் திறந்து பார்த்தேன். சந்தாக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி எழுதியிருந்தார். ஒருவனுக்கு, "விடிய பால் எடுக்கப் போறவன், காலை மட்ச் வேண்டாம்." இன்னொருவனுக்கு, "பிழை விட்டால் அந்த இடத்தில் சொல்லக் கூடாது, அடுத்த நாள் தனியச் சொல்ல வேணும்." யாருடைய மோட்டார் சைக்கிளில் யார் வருவது, யாருக்கு எப்போது நெல் அருவி வெட்டு, எல்லாம் இருந்தது. பதினொரு வருசம் பக்கத்தில் நின்று விளையாடிய எனக்கு இதில் பாதி தெரியாது.

இப்போது துணைத் தலைவராக இருந்தவரைத் தலைவர் ஆக்கியிருக்கிறோம். நல்ல பிள்ளை, ஆட்டமும் தெரியும். ஆனால் போன கிழமை நான் கண்டதை எழுதுகிறேன். புதுத் தலைவர் பொயின்ரில் நின்றவரை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் இடத்தில் நின்றபடி திரும்பி லோங் ஓனைப் பார்த்தார். அங்கே பழைய கப்டன் அண்ணை. அவர் உடனே குனிந்து காலடிப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். நிமிரவே இல்லை. பொயின்ரில் நின்றவர் உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். அடுத்த பந்து அவருக்கும் எல்லைக்கும் நடுவால் போய் நாலு.

அந்தக் கடைசி ஓவர் போட்ட தம்பி வருவதே இல்லை. கிளிநொச்சியில் மாமா ஒருவரின் கடையில் நிற்கிறானாம். வீட்டுக்கு வருகிற நாட்களில் மைதானத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சைக்கிளில் போவான், இந்தப் பக்கம் திரும்ப மாட்டான்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விசயம். அண்ணையைக் கெஞ்சியாவது திரும்பத் தலைவர் ஆக்குவதா? தம்பியை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

பரந்தன் சந்தி:

தம்பி, மீள்குடியேறி வந்த பிறகு ஒரு அணியைச் சேர்த்து ஏழு வருசம் நான் தலைவராக இருந்தவன். விலகியும் இருக்கிறேன். என் சொல், திரும்பத் தலைவராக வரச் சொல்லிக் கேளாதீர்கள்.

மஹேல ஜயவர்தன இலங்கை அணித் தலைமையில் இருந்து விலகுவதாக 2009 பெப்ரவரியில் அறிவித்தார். 2011 உலகக் கிண்ணத்துக்கு முதல் அடுத்த தலைவருக்கு இரண்டு வருசமாவது கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த மாதங்களில் வன்னியில் நாங்கள் எந்த நிலையில் இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. சங்கக்கார பொறுப்பெடுத்து அந்த ஜூனிலேயே ரி20 உலகக் கிண்ண இறுதிக்கு அணியைக் கொண்டுபோனார், லோர்ட்ஸில் பாகிஸ்தானிடம் தோற்றார்கள். 2011 இல் வான்கடே இறுதி. அதிலும் தோல்விதான். ஆனால் மஹேலவைப் பாருங்கள். பொறுப்பை விட்ட அதே வருசம் நவம்பரில் அகமதாபாத்தில் 275. 2011 உலகக் கிண்ண இறுதியில் ஆட்டமிழக்காமல் 103. சங்கக்காரவும் அப்படித்தான். அந்த இறுதி முடிந்த சில நாளில் விலகி, அதே வருசம் டில்ஷானின் தலைமையில் அபுதாபியில் 211 அடித்தார். பாரம் இறங்கினால் கை லேசாகும். உங்கள் அண்ணைக்கும் இன்னும் இரண்டு மூன்று வருச ஆட்டம் மிச்சம் இருக்கலாம், அதை ஆட விடுங்கள்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. 2017 ஜூலையில் சொந்த மண்ணில் சிம்பாப்வேயிடம் 3-2 என்று ஒருநாள் தொடரை விட்டபின், அப்போது இலங்கைத் தலைவராக இருந்த மத்தியூஸ் விலகினார். அது ஆயத்தம் இல்லாத விலகல். அடுத்து இந்தியா வந்தபோது ஐந்து ஒருநாள் போட்டிக்குள் மூன்று தலைவர்கள்: தரங்க, கப்புகெதர, மாலிங்க. தரங்கவுக்கு இரண்டு மட்ச் தடை, கப்புகெதரவுக்குக் காயம், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. ஐந்திலும் தோல்வி. பிறகு திசர பெரேரா. 2018 ஜனவரியில் மத்தியூஸையே திரும்பக் கூப்பிட்டார்கள், செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தோடு அதுவும் முடிந்தது. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் பந்துவீச்சாளர் யாருடைய கையைப் பார்ப்பார்?

புதுத் தலைவருக்கு ஒரு முழு வருசம் கொடுங்கள். மூன்று தோல்வியோடு கூட்டம் போடாதீர்கள்.

மஞ்சள் பெடியன்:

நான் முல்லைத்தீவு. பரந்தன் அண்ணை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. 2022 மார்ச் 24 அன்று, ஐ.பி.எல். தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, தோனி சென்னை அணியை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு மட்சில் இரண்டுதான் வெற்றி. ஏப்ரல் 30 அன்று ஜடேஜா தன் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டும் என்று பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். அந்த எட்டு மட்சையும் பார்த்தவன் நான். பிடியே விடாத ஜடேஜாவின் கையால் பந்து நழுவியது. நீங்கள் எழுதிய லோங் ஓன் கதையை வாசிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. ஸ்டம்புக்குப் பின்னால் தோனி நிற்கும்போது பந்துவீச்சாளர் வேறு யாரைப் பார்ப்பார்?

தோனி திரும்பி வந்தார். அடுத்த வருசம் கிண்ணம். அகமதாபாத் இறுதியில் கடைசி இரண்டு பந்தில் 10 ஓட்டம் வேண்டும், ஜடேஜா ஒரு ஆறும் ஒரு நாலும் அடித்தார். தோனி அவரைத் தூக்கியது எல்லோரும் பார்த்ததுதான். அதனால் திரும்பக் கூப்பிடுவது பிழை என்று சொல்ல முடியாது. உங்கள் புதுத் தலைவரிடம் தனியாகக் கேளுங்கள், அவருக்கு இது விருப்பமா பாரமா என்று. யாருமே அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வவுனியா ரீச்சர்:

பாடசாலையில் பெண் பிள்ளைகளின் கிறிக்கெட் அணிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மேலே இருவரும் தலைவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தம்பிதான் முதல்.

அவன் என்ன நினைக்கிறான் என்று யோசியுங்கள். தான் போட்ட இரண்டு பந்தால் அண்ணையின் பதினொரு வருசம் போய்விட்டது என்றுதான் நினைப்பான். அண்ணை விலகாமல் இருந்திருந்தால் அது ஒரு தோல்வியோடு முடிந்திருக்கும். விலகியதால் அது அவன் தலையில் வந்து விழுந்துவிட்டது.

2016 ரி20 உலகக் கிண்ண இறுதி, கொல்கத்தா. கடைசி ஓவரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 19 ஓட்டம் வேண்டும். இங்கிலாந்துத் தலைவர் ஒயின் மோர்கன் பந்தைப் பென் ஸ்டோக்ஸிடம் கொடுத்தார். கார்லோஸ் பிராத்வெயிட் அடுத்தடுத்து நாலு ஆறு. ஸ்டோக்ஸ் ஆடுகளத்திலேயே குந்திவிட்டார். மோர்கன் தலைமையில் இருந்து போகவில்லை, ஸ்டோக்ஸையும் ஒதுக்கவில்லை. 2019 உலகக் கிண்ண இறுதியில் அதே மோர்கனின் அணிக்கு ஸ்டோக்ஸ் ஆட்டமிழக்காமல் 84. 2022 இல் ஜோ ரூட் டெஸ்ட் தலைமையை விட்டபோது, அந்த இடத்துக்கு வந்தவரும் ஸ்டோக்ஸ்தான்.

என் அணியில் ஒரு பிள்ளை பிடி விட்டுத் தோற்ற அன்று அழுதுகொண்டு வேனில் ஏறினாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. நான் போய் இருந்தேன், ஒன்றும் கதைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்தாள். உங்கள் தம்பிக்குப் பக்கத்தில் அன்று யார் இருந்தது? செயலாளர் போனால் காணாது. பந்தைக் கொடுத்தவர்தான் போக வேண்டும்.

குளக்கட்டு:

மூவருக்கும் நன்றி. ரீச்சர் கேட்ட கேள்வியை வாசித்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். அன்று அவனுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. நான் விட்ட பிடியைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முல்லைத்தீவுத் தம்பி சொன்னபடி முதலில் புதுத் தலைவரிடம் போனேன். விருப்பம்தான் என்றார். ஆனால் அண்ணை கோபமாக இருக்கிறாரா, தன்னில் நம்பிக்கை இல்லாமலா குனிந்துகொண்டு நிற்கிறார் என்று தெரியாமல் இரவில் நித்திரை இல்லையாம்.

நேற்றுக் காலை நாங்கள் இரண்டு பேரும் அண்ணையின் வயலுக்குப் போனோம். தண்ணீர் பம்பைக் கழற்றிப் போட்டுத் திருத்திக்கொண்டிருந்தார், கையெல்லாம் கிறீஸ். கூட்டத்தில் வந்த பேச்சுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதுத் தலைவரிடம் மட்டும், "நான் நிமிர்ந்தால் அவங்கள் என்னைத்தான் பார்ப்பாங்கள். அதுதான் குனிஞ்சு நிண்டனான்" என்றார். புதுத் தலைவரின் கண் கலங்கியது. அடுத்த மட்சில் இருந்து அண்ணை என் முதுகுக்குப் பின்னால் தேட்மேனில் நிற்பதாக முடிவு. களத்தை மாற்றும்போது பந்துவீச்சாளர் தேடுகிற இடம் அது இல்லை என்கிறார். ஏதும் சொல்ல வேண்டி வந்தால் ஓவர் முடிந்து கடக்கும்போது தலைவரிடம் மட்டும் சொல்வார்.

தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவன் ஏன் வருவதில்லை என்பது அண்ணைக்குத் தெரியாது. பயிர் வேலையால் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கடை எந்த இடத்தில் என்று கேட்டார். டிப்போச் சந்திக்குக் கிட்ட என்றேன். வெள்ளி பின்னேரம் பம்புக்கு ஒரு சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போக இருக்கிறதாம், அப்படியே கடைக்கும் போவாராம்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. புதுத் தலைவரிடம் கொடுக்கச் சொன்னார். தம்பியின் பக்கத்தில் கடைசியாக எழுதியிருந்ததை அவரே எங்களுக்குக் காட்டினார். அரையிறுதிக்கு முதல் நாள் எழுதியது: "கடைசி ஓவர் கேட்டான். குடுக்கலாம்."

அவனே கேட்டு வாங்கிய ஓவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டத்தில் அவ்வளவு பேச்சு வந்தபோதும் அண்ணை அதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவர் போய்வந்த பிறகு எழுதுகிறேன்.