மொறிஸ் மைனரின் டிக் டிக்

நிரோஷன்: மாமா, காரின் எஞ்சின் கட்டி முடிந்தது. ஸ்ராட் ஆகிறது, புகை இல்லை, ஒயில் பிறஷரும் நல்லாய் இருக்கிறது. ஆனால் றொக்கர் கவர் பக்கம், அதுதான் வால்வுகளை அமுக்கும் றொக்கர் கைகளின் மேல் மூடிப் பக்கம், ஒரு டிக் டிக் சத்தம், சூடான பிறகும் போகவில்லை. வொய்ஸ் போட்டிருக்கிறேன், கேளுங்கோ.

சுகந்தி அக்கா: அம்மம்மாவின் தையல் மிஷின் மாதிரியே கிடக்கு 😂

பெரியப்பா: பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் பருத்தித்துறை வரைக்கும் ஓடின கார் இது. அப்ப ஒருத்தரும் சத்தம் பார்க்கவில்லை.

சின்ன மாமா: அண்ணை, அப்ப பயப்பட வேற சத்தங்கள் இருந்தன.

சின்ன மாமா: தம்பி, எஞ்சின் 948 சிசியா, 1098 சிசியா?

நிரோஷன்: 948 மாமா.

சின்ன மாமா: சரி, எதுவானாலும் எஞ்சின் ஆறியிருக்கும்போது றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் 12 தௌ தான் இடைவெளி, தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்ரன் சுற்றுகிற கிராங் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கிற காம் ஒரு சுற்று, அதனால் ரப்பெற் சத்தம், அதாவது இந்த இடைவெளியில் வருகிற சத்தம், எஞ்சின் வேகத்தில் பாதிதான் கேட்கும். கீழே கிராங் பெயாறிங் அடித்தால் மொத்தமாய், டொக் டொக் என்று, பாரம் ஏற ஏறக் கூடும். உன்னுடைய வொய்ஸில் இருப்பது கூர்மையான சத்தம், வேகமும் பாதி. கீழே கை வைக்காதே.

நிரோஷன்: கராச்காரர் இறுக்கி 8 தௌ வைத்தால் நிற்கும் என்கிறார்.

சின்ன மாமா: வேண்டவே வேண்டாம். வால்வ் சூடேறினால் நீளும், இடம் இல்லாவிட்டால் சீற்றில் முழுக்க உட்காராது, அதன் சூடு சீற் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்க வேணும், இறங்காவிட்டால் எக்ஸ்ஹோஸ்ற் வால்வ் ஓரத்தில் எரிந்து பிளந்துவிடும். பிறகு ஹெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். எது கத்துகிறது என்று முதலில் பிடி. கவரைக் கழற்றி, ஐட்லிங்கில் விட்டு, ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொரு றொக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவில் சொருகு. எதற்குச் சொருகும்போது சத்தம் அடங்குகிறதோ அதுதான் கள்ளன். சாரத்தோடு காத்தாடிக்குப் பக்கத்தில் நிற்காதே.

நிரோஷன்: முன்னாலிருந்து 6 ஆவது. சொருகின உடனே அமைதி. ஒயில் எல்லா றொக்கருக்கும் வருகிறது, றொக்கர் ஷாஃப்ற்றைத் தாங்குகிற முன் பெடஸ்டல் துளையையும் ஊதித்தான் பூட்டினோம்.

சின்ன மாமா: நல்லது, அந்த ஒரு பெடஸ்டலால்தான் ஒயில் ஷாஃப்ற்றுக்கு ஏறும், அது அடைத்திருந்தால் எல்லாமே சேர்ந்து கத்தும். இப்ப எஞ்சினை ஆறவிட்டு 3 ஆவது வால்வை முழுக்கத் திறந்து வைத்து 6 ஐ அள. திறந்ததின் இலக்கத்தையும் அளப்பதின் இலக்கத்தையும் கூட்டினால் 9 வர வேணும், தெரியும்தானே?

நிரோஷன்: அளந்தேன். சரியாய் 12 காட்டுகிறது!! அப்ப ஏன் கத்துகிறது?

சின்ன மாமா: வால்வ் புதிசு, றிங் புதிசு. றொக்கர்?

நிரோஷன்: பழசுதான், கழுவிப் பூட்டினோம்.

சின்ன மாமா: பெடஸ்டல் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாய் மாறி மாறித் தளர்த்திக் கழற்று. 6 ஆவது றொக்கரின் வாயை, வால்வ் தண்டில் படுகிற இடத்தை, படம் எடுத்துப் போடு.

நிரோஷன்: 📷 நடுவில் குழி விழுந்திருக்கிறது. நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறது.

சின்ன மாமா: அதுதான். தகடு குழியின் இரண்டு கரையிலும் பாலம் போட்ட மாதிரி நிற்கும், அதற்குக் கீழே உள்ள பள்ளம் அதற்குத் தெரியாது. தண்டின் நுனியோ குழிக்குள்ளேதான் போய் அடிக்கும். கேஜ் 12 சொல்லும், உண்மையில் அதைவிட எவ்வளவோ கூட. 8 க்கு இறுக்கியிருந்தால் இதன் சத்தம் குறைந்திருக்கும், மற்ற ஏழும் அநியாயமாய் இறுகியிருக்கும்.

நிரோஷன்: இதைத் தேய்க்கலாமா?

சின்ன மாமா: லேசான குழி என்றால் ஒயில் கல்லில், வளைவு கெடாமல். மேல் தோல் மட்டும்தான் கடினம், ஆழமாய்ப் போனால் சும்மா இரும்பு, கெதியில் திரும்பத் தேயும். உன்னுடையது ஆழம் போலத் தெரிகிறது, நல்ல பழைய றொக்கர் ஒன்று தேடு. ஷாஃப்ற்றில் போட்டு ஆட்டியும் பார், புஷ் தேய்ந்திருந்தால் அதுவும் சத்தம் போடும். தகட்டில் அழுத்திச் செய்த வகை என்றால் புஷ் மாற்ற முடியாது.

பெரியப்பா: பின் கொட்டிலில் ஒரு பழைய ஹெட் கிடக்கிறது, றொக்கரோடேயே.

நிரோஷன்: இதை முதலே சொல்லியிருக்கலாமே பெரியப்பா 🙏

நிரோஷன்: மாமா, அதிலிருந்து ஒன்று மாற்றியாச்சு, வாய் வழவழப்பாய் இருந்தது. 6 அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் மெல்லச் சளசளக்கிறது.

சின்ன மாமா: அது இருக்க வேண்டிய சத்தம். லொக் நட்டை இறுக்கின பிறகு எட்டையும் இன்னொரு தரம் அள, இறுக்கும்போது ஸ்குறூ கூடவே திரும்பும். சில நூறு மைல் ஓடின பிறகு ஹெட் நட்டுகளின் இறுக்கத்தை 40 இறாத்தல் அடிக்குத் திரும்பப் பார். காஸ்கெற் அமர்ந்தால் இடைவெளி சுருங்கும், அதனால் அதற்குப் பிறகும் ரப்பெற் அளக்க வேணும்.

சுகந்தி அக்கா: அப்ப வெள்ளிக்கிழமை நல்லூருக்குக் கார் வருமோ?

நிரோஷன்: வரும் அக்கா, ஆனால் பெரியப்பாவிடம் திறப்புக் குடுக்க மாட்டேன். றன்னிங் இன், அதுதான் புது எஞ்சினை மெதுவாய் ஓட்டிப் பழக்குகிற காலம், முடியவில்லை.