இன்டர்வியூவுக்குச் சாறி கட்டாயமா?

கல்லடியான்: “இன்டர்வியூவுக்குச் சாறி கட்டாமல் வரும் பிள்ளைக்கு மதிப்பில்லை” என்று ரீச்சர் நேற்று எழுதியதை வாசித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கல்முனையில் பஸ் ஏறி, மட்டக்களப்பு வரைக்கும் நெரிசலில் நின்றுகொண்டு வரும் பிள்ளையின் சாறி மடிப்பு எந்தக் கோலத்தில் வந்து சேரும்? தேய்த்த சல்வார், சுத்தமான சப்பாத்து, வாரிக் கட்டிய தலை. போதும்.

கல்லாறு ரீச்சர்: தம்பி, பென்ஷன் எடுக்கும் வரைக்கும் நான் சாறியோடுதான் பஸ் ஏறினேன். ஊசி குத்தத் தெரிந்தால் மடிப்பு நிற்கும். தெரியாதவர்கள்தான் சாறியைக் குறை சொல்வார்கள்.

கல்லடியான்: 2022இல் அரச அலுவலகங்களுக்கே கண்ணியமான உடை போதும் என்று சொல்லிவிட்டார்கள். சாறி கட்டாயம் இல்லை.

கல்லாறு ரீச்சர்: அதே 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். கல்வியமைச்சு ஒத்துக்கொண்டதா? பாதியை மட்டும் சொல்லாதீர்கள்.

மருதமுனைத் தறி: 2019 மறந்து போச்சா? ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அரச அலுவலகப் பெண்களுக்குச் சாறி, இல்லாவிட்டால் ஒசரி (கண்டிச் சாறி) என்று சுற்றறிக்கை வந்தது. அபாயா போடும் எங்கள் பிள்ளைகள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் கல்லடி அண்ணன், சாறி கசங்கும் என்கிற கதையை விடுங்கள். எங்கள் கைத்தறிக்குக் கஞ்சி போட்டால் நிற்கும்.

கல்லடியான்: கஞ்சி போட்ட சாறிதான் பஸ்ஸில் முதலில் கசங்கும்.

மருதமுனைத் தறி: கஞ்சியைப் பற்றி நெசவுக்காரனுக்குப் படிப்பிக்க வேண்டாம். போன பெருநாள் நேரமும் எங்கள் சாறி சாயம் போகும் என்று எழுதினவர் நீங்கள்தான்.

பாசிக்குடாப் பொடியன்: எந்த வேலைக்கு இன்டர்வியூ என்று ஒருவரும் சொல்லவில்லையே? ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஒரு உடுப்பு, சமையலறைக்கு வேறு உடுப்பு.

கல்லடியான்: எந்த வேலையாக இருந்தாலும் சாறி கட்டாயம் இல்லை. அதுதான் பேச்சு. ரீச்சர் “மதிப்பில்லை” என்றதை முதலில் வாபஸ் வாங்கட்டும்.

கல்லாறு ரீச்சர்: வாங்கமாட்டேன். சாறியோடு உள்ளே வரும் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இன்டர்வியூ எடுக்கும் பக்கம் இருந்து பார்த்தவள் நான்.

கல்லடியான்: அப்போது நீங்கள் பார்த்தது பிள்ளையை இல்லை, சாறியை. அதைத்தான் பிழை என்கிறேன். சாயக் கதைக்கும் பதில் சொல்கிறேன்: மனைவிக்கு எடுத்த சாறி முதல் கழுவலிலேயே வெளுத்தது. படம் போடவா?

மருதமுனைத் தறி: போடுங்கள். மருதமுனையில் எடுத்ததா, வேறெங்கோ எடுத்துவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைக் கெடுக்கிறீர்களா என்று கரையைப் பார்த்தே சொல்வேன்.