ஆபிராம் நடக்கவில்லை

அண்ணன் இறந்தபின் ஒன்றரை வருடம் நான் ஜெபிக்கவில்லை. ஆராதனைக்குப் போவேன், மற்றவர்களோடு எழுந்து நிற்பேன், வாய் மட்டும் திறக்காது.

அவர் நோயில் கிடந்தபோது வேதாகமத்தில் ஏசாயா 54:10-ஐ அடிக்கோடிட்டு, ஓரத்தில் தேதியும் எழுதிவைத்திருந்தேன். மலைகள் விலகினாலும் என் கிருபை உன்னைவிட்டு விலகாது என்கிற வசனம். அண்ணன் பிழைப்பார் என்பதற்கான வாக்காகவே அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிழைக்கவில்லை. முதலில் கோபம் வந்தது. அப்புறம் அதைவிட மோசமான பயம் ஒன்று வந்தது: இத்தனை நாள் நான் ஜெபிக்காமல் இருந்துவிட்டேனே, கர்த்தர் நம்மோடு செய்த உடன்படிக்கை என் பக்கத்தில் முறிந்துபோயிருக்குமோ?

சபையில் மூத்த சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஆதியாகமம் 15-ஐத் திறந்து கொடுத்து, "ஆபிராம் என்ன செய்கிறான்னு மட்டும் பாரும்மா" என்றார்.

ஆபிராமுக்குச் சந்ததியையும் தேசத்தையும் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுக்கிற இடம் அது. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா. கூடவே ஒரு காட்டுப்புறாவும் ஒரு புறாக்குஞ்சும். பறவைகளை விட்டு மற்றவற்றை நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறான். எபிரெய மொழியில் உடன்படிக்கையை 'வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். துண்டங்களின் நடுவே கடந்துபோகிறவன், வாக்கை மீறினால் இந்த மிருகத்தின் கதி எனக்கும் வரட்டும் என்று தன்னைக் கட்டிக்கொள்கிறான். எரேமியா 34-இல், கன்றுக்குட்டியின் துண்டுகளுக்கு நடுவே நடந்துவிட்டு வாக்கை மீறியவர்களிடம் கர்த்தர் கணக்குக் கேட்பதும் இதை வைத்துத்தான்.

ஆனால் இங்கே ஆபிராம் நடக்கவில்லை. இறங்கிவந்த பறவைகளைத் துரத்தினான், அவ்வளவுதான். சூரியன் அஸ்தமிக்கும்போது அயர்ந்த நித்திரை வந்தது; திகிலும் காரிருளும் மூடிக்கொண்டன. புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையுமே துண்டங்களின் நடுவே கடந்துபோயின. அந்த நெருப்பாகக் கர்த்தர் ஒருவரே நடந்தார்.

அந்த இடத்தில் உடைந்து அழுதுவிட்டேன். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம், அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது மட்டும் கண்ணில் பட்டதே இல்லை.

ஏசாயா 54-க்கு மறுபடி போக இன்னும் சில வாரங்கள் ஆயின. "என் கிருபை", "என் சமாதானத்தின் உடன்படிக்கை" என்று இருந்தது. அண்ணன் பிழைப்பார் என்று அங்கே இல்லை. அதை நான்தான் எழுதிச் சேர்த்திருந்தேன். இதை ஒப்புக்கொள்வது இன்றும் வலிக்கிறது. ஓரத்திலிருந்த தேதியை அழிக்கவில்லை.

*

சகோதரி, உங்கள் கடைசி வரிகள் எனக்காக எழுதியதுபோல இருந்தன. எங்கள் மகன் விசுவாசத்தை விட்டு 9 வருடம் ஆகிறது. 'எப்போது ஆண்டவரே' என்பது மட்டுமே என் ஜெபமாக இருந்தது. என்னைத் தாங்கியது எரேமியா 32. எருசலேம் பாபிலோன் படையின் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் தன் ஊரான ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு ஒரு நிலம் வாங்குகிறார்! பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், நெடுநாள் இருக்கும்படிக்கு. பாபிலோன் சிறையிருப்பு 70 வருடம் என்று சொன்னதும் அவரேதான். அந்த நிலத்தில் தான் உழப்போவதில்லை என்று தெரிந்தேதான் வெள்ளியை நிறுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மகன் திரும்புவதைப் பார்க்க நான் இருப்பேனோ தெரியாது. அவனுடைய வேதாகமம் அவன் மேசையிலேயே இருக்கிறது. என் மனைவி வாரம் ஒருமுறை தூசி தட்டி அதே இடத்தில் வைக்கிறாள்.

*

சகோதரி, நானும் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு மறதி நோய். ஐந்து வயதில் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர், இப்போது நான் யாரென்று கேட்கிறார். இயேசுவின் பெயரைச் சொன்னாலும் முகத்தில் அசைவில்லை. இவருடைய விசுவாசம் இப்போது எங்கே இருக்கிறது என்று பல இரவுகள் கேட்டிருக்கிறேன். தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயா 49 சொல்வதை, தாய் மறந்துபோன பிள்ளையாக நான் வாசித்தேன்.

ஆபிராமின் தூக்கத்தைப் பற்றிப் படித்ததும் லூக்கா 22 நினைவுக்கு வந்தது. இந்தப் பாத்திரம் என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்று ஆண்டவர் சொன்ன அதே இரவில்தான் சீஷர்களும் தூங்கிப்போனார்கள். விடிவதற்குள் பேதுரு மூன்று முறை மறுதலித்தும் விட்டான். அவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று தெரிந்தேதானே பாத்திரத்தைக் கொடுத்தார்.

போன வாரம் போதகர் திருவிருந்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு என்னவென்று புரியவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டார். நான் அவருடைய தாடையைப் பிடித்து, பாத்திரத்தை உதட்டில் வைத்தேன். கொஞ்சம் வழிந்தது. மீதியைக் குடித்தார்.