சரித்திர நாவல் முடிந்தது, அடுத்து எதை வாசிக்கலாம்?

வெள்ளவத்தை வாசகன்:
கல்கியும் சாண்டில்யனும் அநேகமாக முடிந்துவிட்டார்கள். வேறு பக்கம் போக விருப்பம். விஞ்ஞானக் கதை, சுயசரிதை, மொழிபெயர்ப்பு, கவிதை எதுவானாலும் சரி. ஆனால் எதை எடுத்தாலும் நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் மூடியாயிற்று. வாசிக்க நேரம் பஸ்ஸில் போகவர அரை அரை மணித்தியாலம். எதில் தொடங்கி எந்த ஒழுங்கில் போவது? கொழும்பில் கிடைக்கிற புத்தகமாகச் சொன்னால் நல்லது.

ஐம்பத்தேழாம் ஒழுங்கை:
பிழை உங்களில் இல்லை, வரிசையில்தான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் யாராவது ஒருவர் கதவைத் தட்டுவார், அல்லது இருட்டில் ஓர் உருவம் நகரும். அந்தக் கொக்கிக்குப் பழகிய கண், கொக்கியே இல்லாத 'ஜே.ஜே.'யிலும் அதைத் தேடும். அங்கே கதையை இழுத்துப் போவது சம்பவம் இல்லை, எண்ணம். ஆகவே சலிப்பு. அதை இன்னும் ஒரு வருசத்துக்குத் தொடவேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடர்கதை வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு விஷயத்தை மாற்றுவதானால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் காலமானதால் முடியாமல் நின்ற சுயசரிதை. அத்தியாயங்கள் சின்னவை, ஒரு பஸ் பயணத்துக்கு ஒன்று சரியாக இருக்கும். மொத்தப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பாட்டன், பூட்டன் கதை ஓடும் தொடக்கத்தில் சறுக்கினால், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகும் இடத்துக்குத் தாவிவிடுங்கள். பிறகு திரும்பி வரலாம்.

விஞ்ஞானக் கதைக்குப் பாலம் துப்பறியும் கதைதான். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' முதலில். துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வஸந்தும் பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுபடுவார்கள். அது பிடித்தால் 'என் இனிய இயந்திரா'. அதற்குப் பிறகு ஜெயமோகனின் 'விசும்பு', இது சிறுகதைத் தொகுப்பு. நேரே 'விசும்பு'வுக்குப் போனால் பாதியில் விடுவீர்கள்.

கொட்டாஞ்சேனை:
மேலே சொன்னதோடு உடன்பாடுதான். ஆனால் நாற்பது ஐம்பது பக்கத்தில் பிடிக்காவிட்டால் விடு என்ற கணக்கை மொழிபெயர்ப்புக்குப் போடாதீர்கள். அதில் முதல் ஐம்பது பக்கம்தான் ஆகக் கஷ்டம். கதை கஷ்டமில்லை, பெயர்கள். 'நீலகண்டப் பறவையைத் தேடி' போன்ற வங்க நாவலில் ஒரே ஆளை வீட்டுப் பெயராலும் உறவுமுறையாலும் மாறி மாறிக் கூப்பிடுவார்கள். பழைய பஸ் டிக்கட் அளவு கடதாசி ஒன்றை எடுத்து, ஒரு பெயர், அவர் யாருக்கு என்ன முறை, அவ்வளவும் எழுதிப் பக்கக் குறியாகவே செருகுங்கள். எட்டுப் பத்துப் பெயரோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் தேவைப்படாது.

முதல் மொழிபெயர்ப்பாக மெல்லிசான புத்தகம் எடுப்பது புத்தி. கம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகச் செய்தது. வசனங்கள் குட்டை, ஆட்களும் கொஞ்சம். சிங்களத்திலிருந்து வேண்டுமென்றால் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' தமிழிலும் வந்திருக்கிறது. பையன்களின் சாகசக் கதை என்பதால் சாண்டில்யன் வாசகருக்குத் தடுக்காது.

வாங்க முதல் ஒன்று: காலி வீதியிலோ செட்டியார் தெருவிலோ பூபாலசிங்கம் புத்தகசாலையில் எடுத்தால் இந்தியப் புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பது இந்திய விலை. இலங்கைக் காசில் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கூடையில் போடுங்கள். பிடிக்குமோ தெரியாத வகை என்றால் வாங்கவே வேண்டாம், தமிழ்ச் சங்க நூலகத்தில் பத்துப் பக்கம் வாசித்துப் பாருங்கள்.

குறும்பாக்காரி:
கவிதையை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்களே! பஸ்ஸுக்கு அதைவிடத் தோதான சாமான் வேறென்ன? மஹாகவியின் (பாரதி இல்லை, ஈழத்துக் கவிஞர் உருத்திரமூர்த்தி) 'குறும்பா' 1966இல் வந்தது. ஆங்கில லிமரிக்கைத் தமிழ் ஓசைக்குள் இறக்கிய பகிடிப் பாட்டுகள், ஒவ்வொன்றும் ஐந்தே அடி. கவிதை என்றால் விளங்காது என்ற பயம் அதில் போகும். பிறகு நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்', அதற்கும் பிறகு 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' என்ற ஈழத்துக் கவிதைத் தொகுப்பு.

புதிதாக வருபவர்கள் விடும் பிழை, நாவல் மாதிரி ஒரே இருப்பில் இருபது கவிதை வாசிப்பது. ஐந்தாவதுக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஒரு பயணத்துக்கு இரண்டு போதும். முதல் தரம் நிற்காமல் ஓசைக்காக, இரண்டாம் தரம் அடி அடியாக. பஸ்ஸில் சத்தமாக வாசிக்க முடியாது, உதட்டை அசைத்தாலே போதும்.

வெள்ளவத்தை வாசகன்:
நன்றி எல்லாருக்கும். அப்படியென்றால் 'கொலையுதிர் காலம்', பக்கத்தில் 'குறும்பா'. பழைய ஈழத்துப் புத்தகங்களை 'நூலகம்' தளத்தில் போனில் வாசித்தால் கண் நோகிறதே, வழி உண்டா?

ஐம்பத்தேழாம் ஒழுங்கை:
அங்கே இருப்பதில் பெரும்பாலானவை பக்கத்தைப் படமாக ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப். எழுத்தைப் பெருப்பித்தால் வரி மடியாது, பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளித்தான் கண் களைக்கிறது. போனைப் படுக்கையாகத் திருப்பி, பக்கத்தின் அகலம் திரைக்குச் சரியாகப் பொருந்த வைத்து, மேலிருந்து கீழே மட்டும் தள்ளுங்கள். முதலே தரவிறக்கி வைத்தால் வழியில் டேட்டாவும் போகாது. நீள நாவலுக்கு இது சரிவராது. 'குறும்பா' மாதிரி ஐந்தடிக்குத் தாராளம்.