புதுப்பிப்பு: பாக்கான் காமிஸில் கேட்ட அந்தக் கடைமனை

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மேற்குச் சுமத்ராவின் அகாம் மாவட்டத்தில் பாக்கான் காமிஸ் என்ற சந்தை ஊரில் ஒரு கடைமனை பார்த்தேன், விற்பவர் "மாமாவைக் கேட்கணும்" என்று இழுத்தடிக்கிறார், ஏன் என்று.

வாங்கவில்லை. வாங்கவும் முடியாதாம். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹாக் மிலிக்' என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான். இதைக்கூடப் பார்க்காமல் விலை பேசப் போனது என் அசட்டுத்தனம்.

மாமா விஷயம்தான் சுவையானது. இந்தப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் இன மக்களிடம் பூர்வீக நிலம், 'பூசாக்கோ திங்கி', தாய்வழியில் இறங்குகிறது. அதை மேற்பார்ப்பவர் தாய்மாமன். அவர்கள் சொல் 'மாமாக்' (காதில் விழுந்ததும் சிரித்துவிட்டேன்). விற்பது வழக்கத்துக்கு விரோதம். அடகு வைக்கவே நான்கு காரணங்கள்தான் சொல்கிறார்கள்: வீட்டில் பிணம் கிடக்கிறது, வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, குலத்தின் பெரிய வீடு ஒழுகுகிறது, தாழ்ந்துபோன குலப் பெருமையை மீட்க வேண்டும். அதற்கும் குலம் முழுக்க ஒப்ப வேண்டும். ஆக, அந்த மனிதர் இழுத்தடிக்கவில்லை. அவர் கையெழுத்து தனியாகச் செல்லாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது அதே தெருவில் வாடகை வீடு. ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை மட்டும் விடியும் முன்பே வண்டிச் சத்தம். ஊர்ப் பெயரே 'வியாழச் சந்தை' என்றுதானே பொருள்!