கடனோடு இறந்தவரின் கணக்கை வக்கீல் இல்லாமல் முடிப்பது: அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

துக்கம் விசாரிக்க வருகிறவர்களோடு கடன்காரர்களும் வந்துவிடுவார்கள். காரியம் முடிவதற்குள், "அப்பா வாங்கினதைப் பிள்ளைதானே கட்டணும்" என்று பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவரின் சொத்திலிருந்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. ஐம்பதாயிரம் வந்து கடன் இரண்டு லட்சம் இருந்தால், மீதி ஒன்றரை லட்சத்துக்கு வாரிசின் சம்பளத்திலோ அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டிலோ யாரும் கை வைக்க முடியாது. தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மக் கடமை என்ற பழைய வாதமும், 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு நீதிமன்றத்தில் எடுபடாது.

இதற்கு விதிவிலக்கு, வாரிசே அந்தக் கடனில் கையெழுத்துப் போட்டிருப்பது. இணைக் கடனாளி என்றாலும் ஜாமீன்தாரர் என்றாலும் அது அவருடைய சொந்தக் கடன்தான். அதனால் "எவ்வளவு பாக்கி" என்று கேட்பதற்கு முன்னால் "இதில் யார் யார் கையெழுத்து இருக்கிறது" என்று கேளுங்கள். ஒப்பந்த நகலைப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "பழைய புரோநோட்டைக் கிழிச்சிடறேன், உங்க பேர்ல ஒண்ணு எழுதிக் கொடுங்க, வட்டியை விட்டுடறேன்" என்பார்கள். எழுதிக் கொடுத்த நிமிடமே அது உங்கள் கடன். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு. கெடுவுக்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு சிறு தொகை கட்டி அதை எழுத்தில் பதிந்தாலோ, மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு தாண்டிய கடனும் "தருகிறேன்" என்ற எழுத்து வாக்குறுதியால் உயிர் பெறும். நல்லெண்ணத்தில் கொடுக்கும் இரண்டாயிரம் ரூபாயில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இறந்தவர் கொடுத்து வைத்த காசோலையைக் காட்டி "செக் கேஸ் போடுவேன்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்தக் குற்றப் பொறுப்பு வாரிசுகளுக்கு வராது.

இ-சேவை மையம் நடத்துபவர்:

சார் சொன்னது சரி, ஆனால் கையில் காகிதம் இல்லாமல் எந்த கவுன்டரிலும் பேச முடியாது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் செலவில்லை. அதற்கு மேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதையும் தாண்டினால் மேல் அதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று ஏறிக்கொண்டே போகும். சான்றிதழ் கிடைத்தவுடன் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் அடிக்கடி சிக்குவது இனிஷியல்தான். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், இறப்புச் சான்றில் இனிஷியலே இருக்காது. மூன்றும் ஒரே ஆள் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் தாயும் முதல் நிலை வாரிசு. கட்டிக் கொடுத்த மகளும் வாரிசுதான். இந்த இரண்டு பெயரையும் விட்டுவிட்டு வருகிற விண்ணப்பங்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். பிற்பாடு ஆட்சேபம் வந்தால் வங்கியும் பணத்தை நிறுத்திவிடும்.

இறந்தவரின் சிம் கார்டை உடனே முடக்க வேண்டாம். கடன் நிறுவனங்களின் குறுஞ்செய்தியும் காப்பீட்டுச் செய்தியும் அதில்தான் வரும். ஆனால் அதே போனில் யுபிஐ வழியாகவோ அவருடைய ஏடிஎம் கார்டிலோ பணம் எடுக்காதீர்கள். பின் எண் தெரியும் என்பதால் அந்தப் பணம் எடுத்தவருடையதாகிவிடாது. மற்ற வாரிசும் கடன்காரரும் பிறகு கணக்குக் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

கடன் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் கடைசி ஒரு வருட வங்கிக் கணக்கு விவரத்தை வாங்கி, பணம் வெளியே போன பற்று வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை போயிருந்தால் அது தவணை, பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் சுருக்கமாக இருக்கும். மே கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி பீமா, இறப்புக்கு 2 லட்சம். 20 ரூபாய் என்றால் சுரக்ஷா பீமா, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இந்த இரண்டு வரியையும் கவனிக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. ஜூன் 1 முதல் மே 31 வரைதான் அந்த வருடக் கணக்கு என்பதால் தேதியையும் பாருங்கள்.

தனிநபர் கடன், வீட்டுக் கடன், மகளிர் குழுக் கடன் என்று எதுவாக இருந்தாலும், கடன் கொடுத்த அன்று காப்பீட்டு பிரீமியம் கழித்தார்களா என்று பாருங்கள். மூன்று லட்சம் அனுமதித்து இரண்டு லட்சத்துச் சொச்சம் கணக்கில் வந்திருந்தால், அந்த வித்தியாசத்தில் பிரீமியம் ஒளிந்திருக்கலாம். குழுக் கடன்களில் பெரும்பாலும் கடனாளியோடு கணவருக்கும் சேர்த்தே காப்பீடு இருக்கும். வசூலுக்கு வருகிறவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போதும்:

"இக்கடன் கணக்குக்கு உரியவர் காலமாகிவிட்டார். இறப்புச் சான்று இணைத்துள்ளோம். மரணத் தேதி நிலவரப்படி நிலுவைத் தொகை, கடன் ஒப்பந்த நகல், காப்பீடு இருந்தால் அதன் பாலிசி எண் ஆகியவற்றை எழுத்தில் தரவும். இக்கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது. அவருடைய சொத்து எங்கள் கைக்கு வரும் அளவுக்கு மட்டுமே எங்கள் பொறுப்பு."

நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் அந்த வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது.

சேமிப்புக் கணக்கில் நாமினி இருந்தால் இறப்புச் சான்று, அடையாள அட்டை, கோரிக்கைப் படிவம் போதும். நாமினி இல்லையென்றால், தகராறு இல்லாத பட்சத்தில், வணிக வங்கியில் 15 லட்சம் வரையும் கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரையும் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்காமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் வழிகாட்டியிருக்கிறது. ஈட்டுறுதிப் பத்திரமும் (பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் ஈடுசெய்வதாக எழுதித் தருவது) மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதமும் கேட்பார்கள். எல்லாக் காகிதமும் கொடுத்த பிறகு 15 நாள்தான் கெடு. ஒன்று நினைவிருக்கட்டும்: கடனும் டெபாசிட்டும் ஒரே வங்கியில் ஒரே பெயரில் இருந்தால், வங்கி அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தரும்.

தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருப்பவர்:

கடன்காரர் தொட முடியாத பணத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கணக்குப் பார்ப்பதால்தான் பலர் வீணாகக் கட்டுகிறார்கள்.

வருங்கால வைப்புநிதி நாமினிக்குப் போகும்போது, இறந்தவரின் கடன் எதுவும் அதைத் தொடாது. சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, ஜப்தி செய்ய முடியாது. குடும்ப ஓய்வூதியம் குடும்பத்துக்கே சேர்ந்தது. பி.எஃப்.-க்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுக்கு 5-ஐஎஃப். கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்பதே இல்லை. வேலையில் இருக்கும்போதே இறந்தால் அது அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும்.

திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசி மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைச் சொத்து மாதிரி, கடன்காரர் நெருங்க முடியாது. ஆனால் சாதாரணப் பாலிசியை வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் முதலில் வங்கிதான் எடுக்கும். மனைவியின் நகை மனைவியுடையது. அது இறந்தவரின் சொத்துப் பட்டியலிலேயே வரக் கூடாது.

கணக்கு எழுதுபவர்:

யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. அதிகம் கத்துகிறவருக்கு முதலில் கொடுத்துவிடுவது வழக்கம், அது தவறு. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் நியாயமான இறுதிச் சடங்குச் செலவு, பிறகு சான்றுகள் பெறும் நீதிமன்றச் செலவு, பிறகு கடைசி மூன்று மாதத்து வேலைக்காரர் கூலி, அதன் பின் மற்ற கடன்கள் எல்லாம் சம விகிதத்தில். அந்த விதி, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவருக்கு எழுதப்பட்டது என்றாலும், வாரிசும் அதே வரிசையில் போனால் பின்னால் யாரும் விரல் நீட்ட முடியாது.

ஒரு கணக்கு. கடன் இல்லாத வேறு வங்கியில் சேமிப்பு 46,000, விற்ற பைக் 34,000, மொத்தம் 80,000. சடங்கு 25,000, கடைப் பையனுக்குச் சம்பள பாக்கி 5,000. மீதி 50,000. தனிநபர் கடன் 1,20,000, கிரெடிட் கார்டு 50,000, புரோநோட்டு 30,000, ஆக 2,00,000. ரூபாய்க்கு 25 காசு. தனிநபர் கடனுக்கு 30,000, கார்டுக்கு 12,500, புரோநோட்டுக்கு 7,500. இந்தத் தாளை ரசீதுகளோடு மூவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். சடங்குக்கு ஒரு லட்சம் எழுதினால் யாரும் ஒப்பமாட்டார்கள், பந்தி போட்ட செலவு இதில் சேராது.

"முழுத் தீர்வு" என்று நிறுவனத்தின் தாளில், கணக்கு எண், தொகை, கட்ட வேண்டிய தேதியோடு கடிதம் வந்த பிறகே பணம் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் முகவர் அனுப்பும் செய்தி கடிதம் ஆகாது. கட்டிய பின் நிலுவையின்மைச் சான்று வாங்குங்கள். வருமான வரி பாக்கி இருந்தால் அதை மற்றவர்களுக்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

பத்திர எழுத்தர்:

அண்ணன் கணக்கு கையில் பணமாக இருப்பதற்குத்தான். அடமானம் வைத்த சொத்துக்கு அந்த விகிதம் கிடையாது, அடமானம் பெற்றவர் தன் பணத்தை அந்தச் சொத்திலிருந்தே எடுப்பார். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதோடு மூலப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வில்லங்கம் சுத்தமாக இருந்து மூலப் பத்திரம் காணோம் என்றால், எங்கோ ஒப்படைத்துக் கடன் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

நகைக் கடனில் மீட்கும் தொகை நகை மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வாரிசுகள் கட்டி மீட்பதே லாபம். ஏல அறிவிப்பு இறந்தவரின் முகவரிக்கே வரும் என்பதால் நகைக் கடன் அட்டையைத் தேடி எடுத்துக் கிளையில் உங்கள் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக் கடன் முழுதும் அடைந்தால் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. ஒரு வாரிசு தன் பங்கை மற்றவருக்கு விடுவதென்றால் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும், வெள்ளைத் தாளில் எழுதிய ஒப்பந்தம் நிலத்துக்குச் செல்லாது. வண்டிக்குப் படிவம் 31: இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.-வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

சட்ட உதவி மையத் தன்னார்வலர்:

வக்கீல் இல்லாமல் முடியாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மைனர் வாரிசின் பங்குள்ள நிலத்தை விற்பது, வாரிசுகளுக்குள் தகராறு, உயில் மீது சந்தேகம். இந்த மூன்றிலும் தனியாக இறங்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார்.

நீதிமன்றச் சம்மன் வந்தால் "எங்களிடம் ஒன்றும் இல்லையே" என்று வீட்டில் உட்காரக் கூடாது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும், சொத்து எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று காட்டும் வாய்ப்பும் கைவிட்டுப் போகும். மேலே சொன்ன கணக்குத் தாளும் ரசீதுகளும் இங்கேதான் உதவும்.

மக்கள் நீதிமன்றத்துக்கு வங்கி அழைத்தால் போகலாம். நல்ல தள்ளுபடி கிடைக்கும், கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது. "நான் இத்தனை தவணையில் கட்டுகிறேன்" என்று இருந்தால் அது உங்கள் தலையில். "காலமானவரின் சொத்திலிருந்து இன்ன தொகை, இத்துடன் முழுத் தீர்வு" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம், கட்டாயம் எதுவும் இல்லை.