மகளுக்கு தீராத அசதி, ஃபார்ம்ல டிப்ரஷன்னு வருது, அதை நம்பலாமா?

காரைக்குடி அம்மா:
மகளுக்கு 15 வயசு. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் எட்டு மாசமா எந்திரிக்கவே முடியல, வளவுல இருந்து மாடிக்கு ஏறி எறங்கினா மறுநாள் முழுக்க படுக்கைதான். தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மல். மதுரை டாக்டர் க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், அதாவது தீராத அசதி நோய்னாரு. டிப்ரஷன் இருக்கான்னு பாக்க பிஹெச்க்யூ-9னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 மார்க். 14 மார்க் வந்துச்சு, டிப்ரஷனாம். அப்பத்தா என்னடான்னா சோம்பேறித்தனம்ங்கிறாங்க. நான் எதை நம்புறது?

தேவகோட்டை அப்பா:
ஆச்சி, என் பையனுக்கும் இதேதான். மொத்த மார்க்க விடுங்க, எந்த கேள்விக்கு எத்தனைன்னு பாருங்க. அசதி, தூக்கம், கவனம் மூணும் இந்த நோய்லயே வர்றதுதான், அதுலயே 9 மார்க் ஏறிடும். எங்க பையன் கிரிக்கெட்டுக்கு துடிப்பான், உடம்புதான் வராது. ஆசையே போயிடுச்சுன்னா அது வேற, டிப்ரஷனா இருக்கலாம். நடந்தா சரியாயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, நாங்க கேட்டு பழனி பாதயாத்திரைல கொஞ்ச தூரம் கூட்டிட்டு போயி மூணு வாரம் படுத்துட்டான். 2021ல இங்கிலாந்துல நைஸ்ங்கிற அரசு மருத்துவ அமைப்போட வழிகாட்டுதல்லயே இந்த நோய்க்கு படிப்படியா உடற்பயிற்சிய கூட்டுறது வேணாம்னுட்டாங்க.

காரைக்குடி அம்மா:
பாத்தேன்ணே. நீங்க சொன்ன மூணுலயே 9 மார்க். ஆனா கடைசி கேள்வில 1 போட்டிருக்கா. அதை நான் கவனிக்கவே இல்ல.

பள்ளத்தூர் கவுன்சிலர்:
அக்கா, அந்த 9ஆவது கேள்வி உயிரை விடுற நெனப்பு பத்தினது. அதுல 1 இருந்தாலும் மொத்தம் எத்தனைனு பாக்கக்கூடாது, இன்னைக்கே அவகிட்ட நேரா கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு பயப்படாதீங்க, அப்படி வராது. அசதி நோயும் டிப்ரஷனும் ஒண்ணா இருக்கலாம், ஒண்ணு இருக்குங்கிறதால இன்னொண்ணு பொய்யாகாது. டாக்டர்கிட்ட அந்த பதிலை காட்டி, அவள தனியா வச்சு பேசச் சொல்லுங்க, அம்மா பக்கத்துல இருந்தா புள்ளைங்க பாதிதான் சொல்லும். பேச்சும் கொஞ்ச நேரம் போதும், அதுவே அவளுக்கு களைப்பு. ராத்திரில பயமா இருந்தா டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். அவள தனியா விடாதீங்க, மாத்திரை டப்பாவ எடுத்து வச்சிருங்க.

காரைக்குடி அம்மா:
கேட்டேன் தம்பி. "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்மா"ன்னா. அப்பத்தா சொன்னது அவ காதுல விழுந்திருக்கு. டாக்டருக்கு போன் பண்ணிட்டேன், காலைலயே வரச் சொன்னாரு. இன்னைக்கு அவகூடத்தான் படுக்கிறேன்.